சளி மாத்திரை வாங்கும் முன்: உணவுக் கட்டுப்பாடும் மருந்து ஒவ்வாமையும் உள்ளவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால், "சளிக்கு ஒரு மாத்திரை கொடுங்கள்" என்று வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்தே கை ஓய்ந்துபோகும். அவர்களில் சிலருக்கு மட்டும் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுத்துவிட முடியாது. ஒருவருக்கு இளைப்பு (ஆஸ்துமா) இருக்கும். ஒருவர் முட்டைகூடத் தொடாதவர். ஒருவர் நோன்பு வைத்திருப்பார். இன்னொருவருக்கு எந்த மாத்திரை என்று தெரியாது. ஆனால் ஏதோ ஒன்றைப் போட்டால் உதடு கறுத்துவிடும். இவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். உங்களை நேரில் பார்த்த மருத்துவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

சளிக்கு மருந்து சாப்பிட்டே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. கட்டுப்பாடு உள்ளவர்கள் பலர், "எனக்கு மட்டும் ஒரு மருந்தும் ஒத்துவரவில்லையே" என்று கலங்கிப்போகிறார்கள். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரணச் சளியை உண்டாக்கும் வைரஸ்கள் 200க்கு மேல் இருக்கின்றன. அவற்றை ஒழிக்கும் மாத்திரை எந்தக் கடையிலும் கிடையாது. பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாட்களில் உடம்பே சரிசெய்துகொள்கிறது. தலைவலி, மூக்கடைப்பு, தும்மல், இருமல் ஆகியவற்றைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு அந்த நாட்களைக் கடத்தத்தான் மருந்து.

ஆகவே ஒரு மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று சந்தேகம் வந்தால், தயங்காமல் விட்டுவிடுங்கள். விட்டதால் சளி முற்றிவிடாது. மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது, சூடாக மிளகு ரசம், நல்ல தூக்கம் ஆகியவை ஏறக்குறைய எல்லோருக்கும் ஒத்துப்போகும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கொப்பளித்த உப்புநீரை விழுங்காமல் துப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. பென்சிலின் ஒவ்வாமை உள்ள ஒருவர் வெறும் சளிக்காக அதே பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் கேட்டு நிற்கும்போது, கேட்டதைக் கொடுக்காமல் திருப்பி அனுப்புவதுதான் நான் அவருக்குச் செய்யக்கூடிய உதவி.

எல்லாம் சேர்ந்த ஒரே மாத்திரை வாங்குவதா, தனித்தனியாக வாங்குவதா?

தனித்தனியாக. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கடைகளில் விற்கும் சளி மாத்திரைகளில் பெரும்பாலானவை கூட்டு மருந்துகள். காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் பாராசிட்டமால், மூக்கடைப்புக்குப் பினைல்எஃப்ரின், தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் குளோர்பெனிரமின். சிலவற்றில் கஃபீனும் சேரும். ஆரோக்கியமான இளைஞருக்கு இது வசதி. உங்களுக்கு அப்படி இல்லை. பினைல்எஃப்ரின் ரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது. குளோர்பெனிரமின் புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீரை அடைத்துவிடலாம். கல்லீரல் கெட்டவருக்குப் பாராசிட்டமால் அளவு குறைய வேண்டும். மூன்றும் ஒரே மாத்திரைக்குள் இருக்கும்போது ஒன்றை மட்டும் விலக்க முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கூட்டு மாத்திரை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்துவிட்டது என்று வையுங்கள். மூன்றில் எது செய்தது? யாராலும் சொல்ல முடியாது. பிறகு ஆயுள் முழுக்க மூன்றையும் விலக்க வேண்டிவரும். பாராசிட்டமாலும் அந்தப் பட்டியலில் மாட்டிக்கொண்டால், நாளைக்குக் காய்ச்சலுக்கு எதைக் கொடுப்பது?

மூன்றாவது ஆபத்து, தெரியாமல் இரட்டிப்பது. சளிக்கென்று கூட்டு மாத்திரை போட்டுக்கொண்டு, காய்ச்சலுக்கென்று டோலோ 650, குரோசின், கால்பால் என்று வேறொன்றும் சேர்த்துப் போடுகிறார்கள். இரண்டிலும் இருப்பது பாராசிட்டமால்தான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது உச்ச வரம்பு. வயதானவர்களும் மெலிந்தவர்களும் குடிப்பழக்கம் உள்ளவர்களும் அதைவிடக் கீழே நிற்க வேண்டும். தாண்டினால் கல்லீரல் தாங்காது. கெடுதல் வெளியே தெரிய ஓரிரு நாள் ஆகும் என்பதுதான் இதில் பயங்கரம்.

விட்டுவிட்டால் இழப்பு பெரிதா என்றால், அதுவும் இல்லை. மாத்திரையாக விழுங்கும் பினைல்எஃப்ரின் மூக்கடைப்பைத் தீர்ப்பதாகத் தெரியவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் நிபுணர் குழு 2023 செப்டம்பரில் முடிவு சொன்னது. 2024 நவம்பரில் அந்தத் துறையே, கடையில் நேரடியாக விற்கும் மாத்திரை, சிரப்புகளிலிருந்து அதை நீக்கலாம் என்று முன்மொழிந்தது. பலனே சந்தேகமாக இருக்கும் ஒன்றுக்காக ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்வானேன்?

மாத்திரை அட்டையில் எதைப் பார்க்க வேண்டும்?

முன்பக்கத்துப் பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கம் வெள்ளி நிறத் தாளில் சிறிய எழுத்தில், ஒவ்வொரு மாத்திரையிலும் என்னென்ன மருந்து எத்தனை மில்லிகிராம் என்று வரிவரியாக அச்சிட்டிருப்பார்கள். அந்த வரிகளை எண்ணுங்கள். ஒரே வரி என்றால் தனி மருந்து. மூன்று நான்கு வரி என்றால் கூட்டு. அதற்குக் கீழே "எக்ஸிபியன்ட்ஸ்" என்று ஒரு சொல் இருக்கும். மாவு, பசை, பூச்சு, லாக்டோஸ் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். அடுத்து "கலர்" என்று சேர்த்திருக்கும் சாயத்தின் பெயர். கேப்சூலாக இருந்தால், கூட்டில் அங்கீகரிக்கப்பட்ட நிறங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்ற அளவோடு நிறுத்திவிடுவார்கள்.

எக்ஸிபியன்டில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கு முக்கியம் என்றால், அட்டையிலோ பெட்டியிலோ இருக்கும் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் தொகுதி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். 2023 ஆகஸ்ட் முதல் அதிகம் விற்கும் 300 மருந்துகளில் கியூஆர் குறியீடு கட்டாயமாகியிருக்கிறது. ஆனால் அதில் பெயர், தொகுதி எண், தேதி, உரிமம் போன்ற விவரங்கள்தான் வரும்; சேர்மானப் பொருள் வராது. பிரிட்டனில் இருக்கும் நம் உறவுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் எல்லாச் சேர்மானமும் எழுதியிருக்கும்.

ஒரு வேண்டுகோள். நான்கு மாத்திரை மட்டும் வேண்டும் என்று கேட்டால் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் தருவோம். பெயரும் கலவையும் இருக்கும் பகுதி பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடும். வெட்டுவதற்கு முன் முழு அட்டையையும் இரு பக்கமும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் சுத்த சைவம். கேப்சூல் சாப்பிடலாமா?

வழக்கமான கேப்சூல் கூடு ஜெலட்டினால் ஆனது. ஜெலட்டின் என்பது விலங்கின் எலும்பையும் தோலையும் பக்குவப்படுத்தி எடுப்பது. இந்தியாவில் பெரும்பாலும் மாடு, எருமை எலும்புகளிலிருந்து எடுக்கிறார்கள். வெளிநாடுகளில் பன்றித் தோலும் பயன்படுகிறது. பளபளப்பாக, அழுத்தினால் நெகிழும் மென்மையான கேப்சூல்களும் பெரும்பாலும் ஜெலட்டினே. தாவர நாரிலிருந்து செய்யும் எச்பிஎம்சி கூடும் உண்டு. அதைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் வழக்கமாகப் பெட்டியிலேயே பெருமையாக எழுதிவிடுவார்கள். எழுதவில்லை என்றால் ஜெலட்டின் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உணவுப் பொட்டலத்தில் பார்க்கும் பச்சைப் புள்ளியை மருந்தில் தேடாதீர்கள். மருந்துக்கு அது கட்டாயமில்லை. புள்ளி இல்லை என்பதால் அசைவம் என்றும் ஆகாது.

"கூட்டைத் திறந்து உள்ளே இருப்பதை மட்டும் தேனில் குழைத்துச் சாப்பிடட்டுமா?" என்று ஒரு பாட்டி கேட்டார். அவர் கையிலிருந்த கேப்சூலுக்குள் கடுகு போலச் சிறுசிறு மணிகள் இருந்தன. மருந்து மெல்ல மெல்லக் கரைந்து பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்யட்டும் என்று பூச்சுப் பூசிய மணிகள் அவை. கடித்தாலோ அரைத்தாலோ அரை நாள் மருந்து ஒரே மூச்சில் உடம்பில் இறங்கிவிடும். மருந்தாளுநரைக் கேட்காமல் கேப்சூலைத் திறக்கவே கூடாது. அந்தப் பாட்டிக்கு அதே வகை மருந்தை மாத்திரையாக மாற்றச் சொல்லி மருத்துவரிடமே எழுதி வாங்கினோம். ஐந்து நிமிட வேலை.

மாத்திரையிலும் முழுச் சைவம் என்று உறுதி சொல்ல முடியாத சில இடங்கள் உண்டு. மெக்னீசியம் ஸ்டியரேட் தாவரக் கொழுப்பிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். பளபளப்புக்குச் சில நேரம் பூசும் ஷெல்லாக், அரக்குப் பூச்சி தரும் பிசின். சிவப்புக்காகச் சேர்க்கும் கார்மைன் கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுப்பது. எங்கே கோடு போடுவது என்பது உங்கள் மனசாட்சியின் விஷயம். அதில் நான் தலையிட மாட்டேன். பூச்சில்லாத வெள்ளைப் பாராசிட்டமால் மாத்திரையில் இந்தக் கேள்விகள் குறைவு என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் தேன்கூடத் தொட மாட்டோம்.

மேல்சித்தாமூர்ப் பக்கத்து நயினார் குடும்பங்கள் சில எங்கள் கடைக்கு வருவதுண்டு. சமண நெறியில் தேன் விலக்கு என்பதை அவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன். இருமல் லேகியங்களிலும் மூலிகைச் சிரப்புகளிலும் தேன் சேர்மானம் மிகச் சாதாரணம். அவற்றில் பெரும்பாலும் வெளிப்படையாக எழுதியிருப்பதால் படித்துத் தவிர்த்துவிடலாம். வீட்டுக் கஷாயத்துக்குப் பனங்கற்கண்டு போதும்.

பால் ஒத்துக்கொள்ளாது. மாத்திரையில் லாக்டோஸ் இருக்கிறதாமே?

பல மாத்திரைகளில் இருக்கிறது. அளவைப் பாருங்கள்: ஒரு மாத்திரையில் பொதுவாக 0.1 அல்லது 0.2 கிராம். ஒரு டம்ளர் பாலில், அதாவது 200 மி.லி.யில், ஏறக்குறைய 10 கிராம். பால் குடித்தால் வயிறு உப்பும் என்ற அளவில் தொல்லை உள்ளவர்களை ஓரிரு மாத்திரை ஒன்றும் செய்யாது.

பால் புரத ஒவ்வாமை வேறு. பால் பட்டாலே தடித்து மூச்சு முட்டுகிறவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். குறிப்பாக, பொடியாக உறிஞ்சும் இன்ஹேலர்களில் லாக்டோஸ்தான் தாங்கு பொருள். அதில் பால் புரதம் துளி ஒட்டியிருக்கலாம். வீகன் முறையில் இருப்பவர்களுக்கு அளவு பொருட்டில்லை. லாக்டோஸ் பாலிலிருந்து வருவது என்பதே போதும். அவர்கள் நிறுவனத்தைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கோதுமை ஆகாது (சீலியாக்).

மாத்திரையில் சேரும் மாவு பெரும்பாலும் மக்காச்சோள மாவு. ஆனால் "ஸ்டார்ச்" என்று மட்டும் இருந்தால் எந்த மாவு என்று கேட்டுவிடுங்கள்.

சிரப்பில் ஆல்கஹால் இருக்குமா?

சிலவற்றில் உண்டு. ஆங்கில மருந்துச் சிரப்புகளில் கணிசமாக இருந்தால் லேபிளில் விழுக்காடு போட்டிருக்கும். பலர் கவனிக்காமல் விடுவது ஆயுர்வேத, சித்த மருந்துகளை. அரிஷ்டம், ஆசவம் என்று பெயர் முடிந்தால் அது நொதிக்கவைத்துச் செய்தது. ஆல்கஹால் அதிலேயே ஊறி வரும், 5 முதல் 10 விழுக்காடு வரை. இருமலுக்குக் கொடுக்கும் வாசாரிஷ்டமும் அந்த வகைதான்.

மார்க்க காரணத்தால் தவிர்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைவிட அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள், குடியை விட்டுவிட்டு டைசல்ஃபிராம் மாத்திரையில் இருப்பவர்களின் வீட்டார். அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது ஒரு மூடி அரிஷ்டம் போனாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுக்கும். நிலைமை மோசமாகவும் போகலாம். எத்தனையோ கஷ்டப்பட்டு மீண்டு வந்த மனிதர், "மறுபடி குடித்தாயா?" என்ற கேள்விக்கும் ஆளாவார். இந்த விவரத்தைக் கடையில் உரக்கச் சொல்லக் கூச்சமாக இருந்தால் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுங்கள். நல்ல மருந்தாளுநர் வாயைத் திறக்காமல் சரியான மருந்தை எடுத்துத் தருவார்.

ரமலான் நோன்பில் சளி பிடித்தால்?

காய்ச்சலும் அசதியும் கடுமையாக இருந்தால் நோன்பை விட்டுப் பின்னால் நிறைவேற்ற மார்க்கமே நோயாளிக்கு இடம் கொடுத்திருக்கிறது. வைக்கத்தான் போகிறீர்கள் என்றால், நோன்பு திறந்ததும் ஒரு பாராசிட்டமால், தூங்கப் போகும்போது ஒன்று, விடியுமுன் சாப்பிடும் சஹரில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது நான்கு மணி நேரமாவது வேண்டும். தும்மலுக்குச் செட்டிரிசின் நாளுக்கு ஒன்றே போதும், இரவில் எடுத்துக்கொள்ளலாம். மூக்குச் சொட்டு நோன்பை முறிக்குமா என்பதை உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். வெறும் வயிற்றில் பாராசிட்டமால் பரவாயில்லை. இபுபுரூஃபன் கூடாது, வயிற்றைப் புண்ணாக்கும். ஏகாதசி விரதக்காரர்களுக்கும் இதே பதில்தான்.

சர்க்கரை நோய்க்கு இருமல் சிரப் குடிக்கலாமா?

மருந்துச் சிரப்பின் அடிப்படையான சர்க்கரைப் பாகில் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. அந்தப் பாகு 10 மி.லி. குடித்தால் 8 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ளே போகிறது. தொண்டைக்குச் சப்பும் மிட்டாய் மாத்திரைகளையும் கணக்கில் சேருங்கள். சர்க்கரையில்லாச் சிரப்பே நல்லது, ஆனால் அதில் இனிப்புக்காகச் சேரும் சார்பிட்டால் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். சிரப்பைவிடவும் நான் அஞ்சுவது ஸ்டீராய்டு ஊசியைத்தான். "ஒரு ஊசி போட்டால் சளி பறந்துவிடும்" என்று யாராவது சொன்னால், அது ஸ்டீராய்டா என்று கேளுங்கள். சர்க்கரை சட்டென்று ஏறிவிடும்.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

மூக்கடைப்பு மாத்திரைகள் ரத்தக் குழாயைச் சுருக்கித்தான் வேலை செய்கின்றன. சுருங்குவது மூக்கில் மட்டும் நிற்காது. பினைல்எஃப்ரின், சூடோஎஃபெட்ரின் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். இதே வேலைக்குப் பயன்பட்ட பினைல்புரோப்பனோலமைன் மூளையில் ரத்தக்கசிவு அபாயத்தோடு தொடர்புபடுத்தப்பட்ட மருந்து. இந்தியாவில் 2011இல் தடை செய்யப்பட்டது. மூக்கில் விடும் சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் சொட்டுகளையும் மருத்துவரைக் கேட்டுத்தான் விட வேண்டும். மற்றவர்களும் மூன்று நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; தொடர்ந்தால் சொட்டு விட்டால்தான் மூக்குத் திறக்கும் என்ற நிலை வந்துவிடும்.

தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரைகளில் சோடியம் அதிகம். நுரைக்கும் பாராசிட்டமால் ஒன்றிலேயே 400 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் இருக்கலாம். உப்பைக் குறைத்துச் சாப்பிடுகிறவர் நாளுக்கு ஆறு மாத்திரை போட்டால், குறைத்ததெல்லாம் வீணாகிவிடும்.

இளைப்பு நோய் இருக்கிறது. காய்ச்சலுக்கு எது?

பாராசிட்டமால். ஆனால் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ போட்டு எப்போதாவது இளைப்பு கூடியிருக்கிறதா? பெரியவர்களில் இளைப்பு உள்ளவர்கள் நூறு பேரில் ஏழு பேர் அளவுக்கு இந்த ஒவ்வாமை இருக்கிறது. மூக்குக்குள் சதை வளர்ச்சி இருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். மாத்திரை போட்ட அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மூக்கு அடைத்து, கண் சிவந்து, நெஞ்சு இறுகும்.

இவர்கள் ஆஸ்பிரினை மட்டும் விலக்கினால் போதாது. இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், நாப்ராக்சன், மெஃபனாமிக் ஆசிட் எல்லாம் உடம்பில் ஒரே வழியில் வேலை செய்பவை; ஒன்று ஆகாவிட்டால் மற்றவையும் ஆகாது. டிஸ்பிரின் என்பதும் ஆஸ்பிரினே. காம்பிஃப்ளாமில் பாராசிட்டமாலோடு இபுபுரூஃபன் இருக்கிறது. "பாராசிட்டமால் எனக்கு ஒத்துக்கொள்ளும்" என்று நம்பி இந்தக் கூட்டு மாத்திரைகளில் மாட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்துப் பதறியிருக்கிறேன். பாராசிட்டமாலிலும் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமோடு நிற்பது பாதுகாப்பு. 1000 போட்டால் இவர்களில் சிலருக்கு அதுவும் ஒத்துக்கொள்வதில்லை.

மழைக்காலத்தில் இன்னொரு காரணமும் சேர்கிறது. சளிக் காய்ச்சல் என்று நினைத்தது டெங்குவாக இருந்துவிட்டால், ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் ரத்தக்கசிவை அதிகமாக்கும். காய்ச்சல் எது என்று தெரியும்வரை இளைப்பு இல்லாதவர்களுக்கும் பாராசிட்டமால்தான்.

ஏதோ ஒரு மாத்திரை போட்டால் உதட்டில் கருப்பாகத் தழும்பு வருகிறது. எது என்று தெரியவில்லை.

இது நம் ஊரில் மிகவும் சகஜம். மிகவும் அலட்சியப்படுத்தப்படுவதும் கூட. உதட்டிலோ கையிலோ பிறப்புறுப்பிலோ காசு அளவுக்கு வட்டமாகச் சிவந்து, எரிந்து, பிறகு கருநீலமாக மாறும். மருந்தை நிறுத்தினால் எரிச்சல் போகும், கருமை தங்கும். அதே மருந்தை மறுபடி போட்டால் அதே இடத்தில், சில மணி நேரத்துக்குள் திரும்ப வரும். அதே இடம் என்பதுதான் அடையாளம். கோட்ரைமாக்சசோல், மெட்ரோநிடசோல், வலி மாத்திரைகள் அதிகம் இதைச் செய்கின்றன. பாராசிட்டமாலும் சிலருக்குச் செய்வதுண்டு.

ஒரு கொத்தனார் மூன்று மழைக்காலமாக ஒரே உதட்டுத் தழும்போடு வந்தார். "வெயில்" என்று நினைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் என்ன சாப்பிட்டார் என்று அவர் மனைவி வீட்டில் கிடந்த அட்டைத் துண்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்தார். மேசையில் பரப்பிப் பார்த்தோம். மூன்று வெவ்வேறு பெயர்கள், மூன்று நிறுவனங்கள். மூன்றிலும் ஒரே வலி மருந்து. தோல் மருத்துவரும் அதையே உறுதிசெய்தார். அந்தப் பெயரை ஒரு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டோம்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். மருந்தின் அடிப்படைப் பெயர், எந்த ஆண்டு, உடம்பில் என்ன ஆனது: மூன்றே விவரம். பெட்டிப் பெயரை எழுதிப் பயனில்லை. ஒரே மருந்துக்கு நூறு பெயர் இருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க வீட்டில் போட்டுப் பார்த்துச் சோதிக்காதீர்கள். அடுத்த முறை தழும்பு பரவலாம், கொப்புளமும் ஆகலாம்.

சல்ஃபா ஒவ்வாமை உண்டு. சளி மாத்திரை ஆகுமா?

சல்ஃபா என்பது ஒரு வகை ஆன்டிபயாடிக்; வழக்கமான சளி மாத்திரைகளில் அது கிடையாது. தொண்டைக்கு, நெஞ்சுச் சளிக்கு என்று முன்பு தாராளமாகக் கொடுத்த கோட்ரைமாக்சசோலில் உண்டு. "சல்ஃபைட்" என்று லேபிளில் பார்த்தால் குழம்ப வேண்டாம்; அது கெடாமல் காக்கும் பொருள், சல்ஃபாவோடு உறவில்லை. ஆனால் இளைப்பு உள்ள சிலருக்குச் சல்ஃபைட் தனியாக ஆகாது.

மஞ்சள், ஆரஞ்சு நிறச் சிரப் குடித்தால் தடிப்பு வருகிறது.

டார்ட்ராசின், சன்செட் யெல்லோ என்ற சாயங்களைச் சந்தேகிக்கலாம். "கலர்" வரியில் பெயர் இருக்கும். நிறமில்லாத மருந்தைக் கேளுங்கள்.

தும்மல் மாத்திரைகளில் எது குறைந்த தொல்லை?

குளோர்பெனிரமின் தூக்கத்தைத் தள்ளும்; வண்டி ஓட்டக்கூடாது. கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களும் முதியவர்களும் தவிர்க்க வேண்டும். வயதானவர்கள் இதைப் போட்டுவிட்டு ராத்திரியில் தடுமாறி விழுவதுண்டு. செட்டிரிசினில் தூக்கம் குறைவு, ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவு குறைய வேண்டும். ஃபெக்ஸோஃபெனடினில் தூக்கம் மிகக் குறைவு. அதைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும்; ஆரஞ்சு, ஆப்பிள் சாற்றோடு குடித்தால் மருந்து உடம்பில் சேர்வது கணிசமாகக் குறைந்துவிடும். இளைப்புக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கும் மான்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரை வெறும் சளிக்குத் தேவையில்லை. மனநிலை மாற்றம், கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் வரலாம் என்று 2020இல் அமெரிக்காவில் அதற்குக் கடுமையான எச்சரிக்கை சேர்த்தார்கள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்; வறட்டு இருமல்.

டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உள்ள சிரப்பை மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். ஃப்ளூயாக்சிடின், பராக்சிடின் போன்றவற்றோடு சேர்ந்தால் நடுக்கம், படபடப்பு, காய்ச்சல் என்று ஆபத்தான நிலை வரலாம். வெந்நீரும் தேனும் இதற்கு ஒன்றும் குறைந்தவையல்ல.

குழந்தைக்கு?

இந்தப் பதிலை எழுதும்போது கை கனக்கிறது. 2025இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்தச் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 விழுக்காடு இருந்தது. அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குக் கீழ் சளி, இருமல் மருந்து கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழும் பொதுவாக வேண்டாம் என்று அறிவுறுத்தியது. குளோர்பெனிரமினும் பினைல்எஃப்ரினும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே சொல்லப்பட்டிருந்தது.

காய்ச்சலுக்கு எடைக்குத் தக்க பாராசிட்டமால், மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, அடிக்கடி பால். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் நாக்கில்கூடத் தடவக் கூடாது. பாட்யூலிசம் என்ற நரம்பை முடக்கும் நோய் வரக்கூடும். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி மார்பில் தடவுவதையும் நிறுத்துங்கள் என்று தாய்மார்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். கற்பூரம் சிசுவின் தோல் வழியாகவும் உள்ளே போகும், வலிப்பு வரும். ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம், வெந்நீர் கொட்டி வெந்துபோகிறார்கள்.

கஷாயத்துக்குப் பக்கவிளைவு கிடையாதுதானே?

சுக்கு, மிளகு, துளசி, கற்பூரவல்லி எல்லாம் சமையல் அளவில் நல்லவை. நானும் குடிக்கிறேன். ஆனால் அதிமதுரத்தைத் தினமும் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். இதய நோய்க்கு டிகாக்சினோ நீர் பிரியும் மாத்திரையோ சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மஞ்சள், பூண்டு ஆகியவற்றை மாத்திரையாகவோ அதிக அளவிலோ எடுக்கக் கூடாது. பாராசிட்டமாலைக்கூட அவர்கள் நாலைந்து நாள் தொடர்ந்து போட்டால் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

ஒவ்வாமை வந்துவிட்டால் என்ன செய்வது?

உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலைசுற்றி விழுந்தாலோ வீட்டில் எந்த மாத்திரையும் தேடாமல் 108ஐ அழையுங்கள். தோல் உரிவதும், வாயிலும் கண்ணிலும் புண் வருவதும் அதே அவசரம். வெறும் தடிப்பு என்றால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். போகும்போது அட்டையையும் கொண்டுபோங்கள்.

பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. மருந்தால் வந்த தீங்குகளைப் பதிவுசெய்ய இந்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 முதல் நடக்கிறது. அதன் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. மருத்துவர் மட்டுமல்ல, நோயாளியும் அழைத்துச் சொல்லலாம். எங்கள் கடையில் அந்த எண்ணைக் கல்லாப்பெட்டிக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறோம். அந்தக் கொத்தனாரின் மனைவிதான் முதலில் அழைத்தார்; பிளாஸ்டிக் பையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அட்டையிலும் இருந்த தொகுதி எண்ணை நிதானமாக வாசித்துச் சொன்னார்.